செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராதவர்களிடம் இதை எடுத்துச் சொல்லவிருக்கும் அவர்களுடைய நண்பர்களுக்கும் வணக்கம்.

செயற்குழுக் கூட்டங்களும், ஆகஸ்டு 19 உலக ஓராங் ஊத்தான் (மனிதக் குரங்கு) தினத்தையொட்டிய மாணவர் ஓவியப் போட்டியும் முறைப்படி நடந்தேறின.

மலேசியாவின் சபா மாநிலத்தில் கினாபாத்தாங்கான் ஆற்றங்கரை மரநடவுக்கு நாம் அளித்துவரும் உதவியைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டியிருக்கிறது; ஏனெனில், "கன்றுதான் நட்டாயிற்றே, இன்னும் எதற்குப் பணம்?" என்ற கேள்வி செயற்குழுவிலேயே எழுந்தது. 2005இல் வனவிலங்குக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட அக்காடு, ஏறத்தாழ 26,000 ஹெக்டேர் பரப்புடையதாயினும், செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டங்களுக்கிடையே பத்துத் துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. ஓராங் ஊத்தான் நீந்தி ஆற்றைக் கடப்பதில்லை. பெண் விலங்கு ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையே குட்டி ஈனுகிறது. ஆதலால், துண்டுபட்ட காட்டில் ஓரிரு விலங்குகளை இழந்தாலும் அதை ஈடுசெய்ய நெடுங்காலம் ஆகும். கிளையாறுகளின் குறுக்கே கட்டிய கயிற்றுப் பாலங்களை அவை பயன்படுத்துவது உண்மைதான், ஆனால் பாலத்தில் பழம் காய்ப்பதில்லை.

நட்ட கன்றைப் புல்லும் கொடியும் மூடாதபடி சில ஆண்டுகள் தொடர்ந்து வெட்டிவிட வேண்டும். வெள்ளம் கொண்டுபோன இடத்திலும் யானை மிதித்த இடத்திலும் மறுபடி நட வேண்டும். விரைந்து வளரும் கடம்ப மரத்துக்கே இந்தப் பாடு. இவ்வேலையைச் செய்வோர் சுக்காவ் வட்டாரத்து ஓராங் சுங்கை என்னும் ஆற்றங்கரைப் பழங்குடிப் பெண்கள்; நமக்கு விடுமுறைப் பயணமாக இருப்பது அவர்களுக்கு மாதச் சம்பளம். அது நின்றால் அவர்கள் தோட்ட வேலைக்குப் போவார்கள். தோட்டத்துச் சம்பளத்தில் படித்து ஆளான நம்மில் பலருக்கு அதைக் குறைகூற வாயில்லை.

நடவுப் பயணத்துக்குப் பெயர் கொடுக்கப் போட்டியிட்டவர்கள், பராமரிப்பு நிதிக்கான கூட்டத்தில் நாற்காலிகளை மட்டுமே விட்டுவைத்திருந்தார்கள். புகைப்படத்தின் முன்வரிசையில் மண்வெட்டியுடன் நிற்கும் சிலருடைய சந்தா, நினைவூட்டல் கடிதங்களுக்குப் பிறகும் நிலுவையில் இருக்கிறது. பெயர்களைப் படிக்க வேண்டாமென்று தலைவர் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். கையிருப்பு சிறிதளவே உள்ளது. மண்டபம் தந்தவர்களுக்கும், தணிக்கையாளருக்கும், தேநீர் வழங்கிய மகளிர் பிரிவினருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் புதிய நடவு எதையும் நான் முன்மொழியவில்லை; நட்டதைக் காக்க வழியில்லாமல் மேலும் நடுவது முறையன்று. மாதந்தோறும் வங்கிக் கணக்கிலிருந்து பிடித்தம் செய்ய ஒப்புதல் தரும் படிவங்கள் வாசலருகே மேசையில் உள்ளன. போதிய ஒப்புதல்கள் சேர்ந்தால் இப்பொறுப்பில் தொடர்வதில் எனக்கு மறுப்பில்லை.

பணிவுடன்,
செயலாளர்