மழை பற்றிய நான்கு வரிக்கு ஒரே விடைதானா?

6 முதல் 8-ஆம் வகுப்பு வரை ஆங்கில வினாத்தாளும் விடைக்குறிப்பும் தயாரிக்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

இரண்டாம் பருவத் தேர்வில் 7-ஆம் வகுப்பு ஆங்கிலத் தாளின் கடைசிக் கேள்வியைப் பார்த்து மகிழ்ந்தோம். ‘மழை என்ற தலைப்பில் சொந்தமாக நான்கு வரிக் கவிதை எழுதுக’, 5 மதிப்பெண். மனப்பாடமாக எழுதும் மெமரி போயத்தை மட்டுமே கேட்டுவந்த தாளில் இப்படி ஒரு கேள்வி வந்ததற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

அந்த மகிழ்ச்சி விடைக்குறிப்பு கைக்கு வந்ததும் போய்விட்டது. கேள்வி எண்ணுக்கு நேராக ஒரு நான்கு வரிக் கவிதையை அச்சிட்டிருந்தீர்கள். கீழே இரண்டு குறிப்புகள். வரி முடிவில் ஒலி ஒத்துவரும் ரைமிங் இல்லையென்றால் மதிப்பெண் இல்லை. எழுத்துப்பிழை ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண் குறைக்க வேண்டும்.

ஒரு மாணவியின் விடையை உங்கள் முன் வைக்கிறோம். பெயரும் பள்ளியும் வேண்டாம். அவர் எழுதியது இதுதான்:

ரெயின் ஃபால்ஸ் ஆன் அவர் டின் ரூஃப்.
அம்மா புட்ஸ் எ பாட்.
டக் டக் டக்.
ஐ கவுன்ட் அண்ட் ஸ்லீப்.

தகரக் கூரையில் மழை. அம்மா ஒரு பாத்திரம் வைக்கிறார். டக் டக் டக். எண்ணிக்கொண்டே தூங்கிப்போகிறேன். கூரை ஒழுகுகிறது என்று அவர் எங்குமே சொல்லவில்லை. பாத்திரத்தை வைத்தார், அதைப் படித்தவுடன் நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஒழுகுவதற்கான ஆங்கிலச் சொல் அவருக்குத் தெரியாமல்கூட இருந்திருக்கலாம். தெரிந்திருந்தால் இந்த இரண்டாம் வரி பிறந்திருக்குமா என்பதே சந்தேகம். வீட்டின் வறுமை, தாயின் பழகிய கை, இரவின் நீளம் எல்லாமே பதினேழு சொற்களுக்குள் வந்துவிட்டன.

இதற்குக் கிடைத்தது பூஜ்யம். ரைமிங் இல்லை. ‘டக்’ என்ற சொல் மூன்று இடத்திலும் சிவப்பு மையால் அடிக்கோடிடப்பட்டு, அப்படி ஒரு சொல் கிடையாது என்று ஓரத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அதே தாளின் முன்பக்கத்தில் ஒரு மதிப்பெண் கேள்வி: ‘ஒலியைக் குறிக்கும் சொல்லை ஆங்கிலத்தில் எப்படி அழைப்பர்?’ அவர் ‘ஆனமட்டொபியா’ என்று சரியாக எழுதி, கைடில் இருக்கும் தேனீயின் ‘பஸ்’ ஒலியை உதாரணமாகக் காட்டி ஒரு மதிப்பெண் வாங்கியிருக்கிறார். பெயரை ஒப்பித்ததற்கு மதிப்பெண் தந்தோம். அதையே தன் வீட்டுக் கூரையிலிருந்து எடுத்து எழுதியதற்குப் பூஜ்யம் போட்டோம்.

திருத்திய ஆசிரியரைக் குறை சொல்லவில்லை. குறிப்பை மீறி மதிப்பெண் போட்டால் மறுசரிபார்ப்பில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். மாற வேண்டியது குறிப்பு. எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று: சொந்தக் கவிதை கேட்கும் கேள்விக்கு விடைக்குறிப்பில் மாதிரிக் கவிதை வேண்டாம், எதற்கு எத்தனை மதிப்பெண் என்ற அளவுகோலை வையுங்கள்.

மாதிரிக் கவிதை அச்சானால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அடுத்த ஆண்டுக் கைடில் அது ஏறும். மழைக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என்று பத்துத் தலைப்புக்குப் பத்துக் கவிதை வரும். பிள்ளைகள் பத்தையும் மனப்பாடம் செய்வார்கள். சொந்தமாக எழுதச் சொன்ன கேள்வி இன்னொரு மெமரி போயமாக ஆகிவிடும்.

ரைமிங்கைக் கட்டாயமாக்குவதில் இருக்கும் சிக்கல் இன்னும் ஆழமானது. ரைமிங் என்பது ஒலி. நம் பிள்ளைகள் ஆங்கிலத்தைப் பெரும்பாலும் காதால் கேட்டுக் கற்பதில்லை, கண்ணால் எழுத்துக்கூட்டிக் கற்கிறார்கள். அதனால் ரைமிங்கையும் எழுத்தில் தேடுகிறார்கள். சொன்னதைக் குறிக்கும் ‘செட்’ என்ற சொல் எழுத்தில், பணம் கொடுத்ததைக் குறிக்கும் ‘பெய்ட்’ போலவே முடியும்; ஒலியில் சிவப்பைக் குறிக்கும் ‘ரெட்’டோடுதான் சேரும். சீப்புக்கான ‘கோம்’, கல்லறைக்கான ‘டூம்’, குண்டுக்கான ‘பாம்’ மூன்றும் ஓ, எம், பி என்றே முடிகின்றன, ஆனால் ஒன்றுக்கொன்று ரைம் ஆகா. ‘கோம்’ வீட்டைக் குறிக்கும் ‘ஹோம்’ உடனும், ‘டூம்’ அறையைக் குறிக்கும் ‘ரூம்’ உடனும் சேரும். எழுத்தில் சற்றும் ஒட்டாத ‘புளூ’, ‘ஷூ’, இரண்டைக் குறிக்கும் ‘டூ’, ‘த்ரூ’ நான்கும் அழகாக ரைம் ஆகும். இவற்றைக் கேட்டுப் பழகாத பிள்ளையிடம் ரைமிங் இருந்தே ஆக வேண்டும் என்றால் அவர் பாதுகாப்பான கரைக்கு ஒதுங்குவார்: கேட், பேட், மேட், ரேட். மழையைப் பற்றிய கவிதையில் பூனை பாயில் உட்கார்ந்திருக்கும். இந்தத் தேர்விலேயே அப்படிப்பட்ட விடைகள் ஏராளம், அவற்றில் பலவற்றுக்கு 4 மதிப்பெண்.

ஒரே ஒலியில் தொடங்கும் சொற்களைக் கேட்ட அலிட்டரேஷன் கேள்வியிலும் இதே தவறு உங்கள் குறிப்பிலேயே இருக்கிறது. ‘சிட்டி’யும் பூனையைக் குறிக்கும் ‘கேட்’டும் சி என்ற எழுத்தில் தொடங்குவதால் அலிட்டரேஷன் என்று போட்டிருக்கிறீர்கள். ஒன்று ‘ஸ’ ஒலி, மற்றது ‘க’ ஒலி. அது அலிட்டரேஷன் ஆகாது. முழங்காலைக் குறிக்கும் ‘நீ’ கே என்ற எழுத்திலும், இரவைக் குறிக்கும் ‘நைட்’ என் என்ற எழுத்திலும் தொடங்குகின்றன. காதில் இரண்டும் ‘ந’தான், ஆகவே அவை அலிட்டரேஷன். இதைச் சரியாக எழுதிய பிள்ளைகளுக்கு மதிப்பெண் போயிருக்கிறது. தயவுசெய்து பாருங்கள்.

இன்னொன்று, நம் பிள்ளைகள் வெறுங்கையோடு ஆங்கில வகுப்புக்கு வருவதில்லை. மோனை, எதுகை, இயைபு மூன்றையும் தமிழ் வகுப்பில் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஆங்கில ரைமிங் வரி முடிவில் வருவது, ஆகவே அது இயைபுக்கு நெருக்கம். சீரின் இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் எதுகைக்குப் பழகிய பிள்ளை, ரைமிங்கை வரியின் தொடக்கத்தில் தேடிவிட்டுக் குழம்புவது அடிக்கடி நடப்பது. ‘இயைபு மாதிரி, கடைசியில் கேள்’ என்று ஒரு வாக்கியம் சொன்னால் தீர்ந்தது. மலர்முகம் என்றால் உவமை, முகமலர் என்றால் உருவகம் என்று அறிந்த பிள்ளைக்கு சிமிலிக்கும் மெட்டஃபருக்கும் வேறுபாடு சொல்ல ஐந்து நிமிடம் போதும். சலசல, படபட, கலகல என்று இரட்டைக்கிளவி நிறைந்த மொழியில் பேசும் பிள்ளைக்கு ஒலிச்சொல் என்றால் என்னவென்று யாரும் விளக்கவே வேண்டாம். அந்த மாணவி ‘டக் டக்’ என்று எழுதியது அதனால்தான். ஆங்கிலத்திலும் ஒலிச்சொற்களைக் கவிஞர்கள் புதிதாக ஆக்கிக்கொள்கிறார்கள்; அகராதியில் இல்லை என்பது அங்கே பிழையாகாது.

கவிதை எழுதக் கற்பிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று சிலர் கேட்கிறார்கள். நான்கு பாடவேளை போதும், வரிசை மாறாமல் இருந்தால்.

முதல் வேளையில் புத்தகம் மூடியிருக்க வேண்டும். பாடத்திலுள்ள கவிதையை ஆசிரியர் மூன்று முறை வாய்விட்டுப் படிப்பார். இரண்டாம் முறையில் அழுத்தம் விழும் இடங்களில் பிள்ளைகள் கை தட்டுவார்கள். தமிழில் நாம் அசைகளை ஏறக்குறைய ஒரே அழுத்தத்தோடு சொல்கிறோம். ஆங்கிலத்தில் ‘பனானா’வில் நடு அசையும் ‘பொட்டேட்டோ’வில் ‘டே’யும் ஓங்கி ஒலிக்கும், மற்றவை தாழும். இது பிடிபடாமல் வரியை எழுத்தெழுத்தாக இழுத்தால் தாளம் செத்துவிடும். அதன் பிறகு எந்தக் கவிதையும் உரைநடைபோலத்தான் கேட்கும். கரும்பலகையில் அழுத்தமான அசைக்குக் கீழே பெரிய வட்டமும், மற்றதற்குச் சிறு புள்ளியும் போட்டால் கடைசி பெஞ்சுக்கும் விளங்கும்.

இரண்டாம் வேளை ஒலிச் சேகரிப்பு. ஒரு சொல்லைச் சொல்லி, அதனோடு ரைம் ஆவதை வாயால் மட்டும் சொல்லச் சொல்ல வேண்டும். எழுதிக் காட்டுவது கடைசியில். மூன்றாம் வேளையில் கரும்பலகையில் ஐந்து கட்டம் போட வேண்டும்: கண்டது, கேட்டது, முகர்ந்தது, தொட்டது, சுவைத்தது. ஒவ்வொருவரும் மொத்தம் பத்துச் சொற்கள். ‘நைஸ்’, ‘பியூட்டிஃபுல்’ இரண்டையும் அன்றைக்குத் தடை செய்துவிட வேண்டும்; அவை நுழைந்தால் பிள்ளை பார்ப்பதை நிறுத்திவிடுவார். ஆங்கிலச் சொல் தெரியாவிட்டால் தமிழில் எழுதிக்கொள்ளலாம், பிறகு மாற்றலாம். நான்காம் வேளை பத்திலிருந்து நான்கைந்தை எடுத்து நான்கு வரி. பக்கத்தில் இருப்பவரிடம் படித்துக் காட்டி, ஒரே ஒரு சொல்லை மட்டும் மாற்ற வேண்டும். நிறைய மாற்றச் சொன்னால் ஆசிரியரின் கவிதையாகிவிடும். ரைமிங் இந்த வரிசையில் கடைசியில்தான் வர வேண்டும், வந்தால் நல்லது, வராவிட்டால் போகட்டும்.

அடுத்த பருவத்தில் ஜப்பானிய மூன்று வரிக் கவிதையான ஹைக்கூவைக் கேட்கும் எண்ணம் இருப்பதாகத் தெரிகிறது. வரவேற்கிறோம். 1916-லேயே பாரதி தமிழருக்கு அறிமுகம் செய்த வடிவம் அது. ஆனால் 5, 7, 5 என்று அசை எண்ணி மதிப்பெண் குறைக்காதீர்கள். ஜப்பானிய மொழியில் எண்ணுவது வேறு வகை ஒலியலகு. ஆங்கில அசை அதற்குச் சமமில்லை. மேலும் நம் பிள்ளைகள் ‘ஸ்கூல்’ என்பதை ‘இஸ்கூல்’ என்றும், ஓரசைச் சொல்லான திரைப்படத்துக்கான ஆங்கிலச் சொல்லை ‘ஃபிலிம்’ என்று இரண்டசையாகவும் சொல்கிறார்கள். விரல் விட்டுச் சரியாக எண்ணியும் அவர்கள் கணக்கு உங்கள் கணக்கோடு ஒத்துவராது. மூன்று வரி, ஒரு காட்சி, ஒரு திருப்பம். இது போதும்.

தலைப்பையும் யோசித்துக் கொடுங்கள். போன ஆண்டு பனிப்பொழிவு பற்றி எழுதச் சொல்லியிருந்தது. பிள்ளைகள் படத்தில் பார்த்ததை எழுதினார்கள், எல்லார் விடையும் ஒரே மாதிரி இருந்தது. ஆடிக் காற்று, டவுன் பஸ், பாட்டியின் கை, ரேஷன் கடை வரிசை, ஐப்பசி மழை: இதில் எதைக் கொடுத்தாலும் நாற்பது பிள்ளைகள் நாற்பது விதமாக எழுதுவார்கள்.

எழுத வந்துவிட்டதால் மற்றதையும் சொல்லிவிடுகிறோம். பாடநூலில் கியூஆர் குறியீடு இருக்கிறது, அதைக் கேட்க வகுப்பில் ஒலிபெருக்கி இல்லை; ஆசிரியரின் கைப்பேசியைச் சுற்றி நாற்பது பேர் நின்று கேட்கிறார்கள். நான்கு பாடவேளை என்று மேலே எழுதினோம், அதில் இரண்டை இணையத்தில் விவரம் ஏற்றும் வேலை தின்றுவிடுகிறது. ஒவ்வொரு அலகிலும் உரைநடை, கவிதை, துணைப்பாடம் மூன்றும் இருக்கின்றன; நேரம் போதாதபோது முதலில் வெட்டுப்படுவது கவிதை. பொருள் சொல்லி, ரைம் ஸ்கீம் என்னவென்று எழுதிப் போட்டு, அடுத்த பாடம் போய்விடுகிறோம். அதில் எங்கள் பங்கும் இருக்கிறது. இவையெல்லாம் உங்கள் குழுவின் கையில் இல்லை என்பது தெரியும். விடைக்குறிப்பு உங்கள் கையில்தான் இருக்கிறது.

எனவே பணிவோடு மறுபடியும் கேட்கிறோம். மாதிரிக் கவிதையை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் இப்படி ஓர் அளவுகோல் இருக்கட்டும்: கண்டது, கேட்டது போன்ற துல்லியமான ஒரு காட்சிக்கு 2, தலைப்போடு பொருந்துவதற்கு 1, வரி வரியாக உடைத்து எழுதியதற்கு 1, ரைமிங், அலிட்டரேஷன், திரும்ப வரும் சொல், ஒலிச்சொல், உவமை இவற்றில் ஏதேனும் ஒன்றுக்கு 1. சொல் புரிகிற அளவில் எழுத்துப்பிழைக்குக் குறைக்க வேண்டாம். குறிப்போடு நல்லது, நடுத்தரம், பலவீனம் என்று ஐந்து உண்மையான விடைகளை மதிப்பெண்ணோடு இணைத்து அனுப்பினால் திருத்துபவருக்கும் தயக்கம் இருக்காது. நான்கு வரியைப் படித்து மதிப்பெண் போட ஒரு நிமிடம் ஆகும். மெமரி போயத்தில் கமா சரிபார்க்கவும் அவ்வளவு நேரம் ஆகிறது.

மெமரி போயத்தை ஒழிக்கச் சொல்லவில்லை. நல்ல வரிகள் மனதில் இருப்பது ஒரு செல்வம். அதை வகுப்பிலேயே நடக்கும் வளரறி மதிப்பீட்டின் 40 மதிப்பெண்ணில் வாய்மொழியாகக் கேளுங்கள். வாயில் வரும்போதுதான் தாளமும் தெரியும். எழுத்துத் தேர்வின் 60 மதிப்பெண்ணில் அந்த இடத்தைச் சொந்த வரிகளுக்கு விடுங்கள்.

இரண்டாம் பருவ விடைத்தாள்கள் இன்னும் பள்ளிகளில்தான் இருக்கின்றன. இந்த ஒரு கேள்வியையும் அலிட்டரேஷன் கேள்வியையும் மட்டும் மறுபடி திருத்த ஒரு சுற்றறிக்கை அனுப்பினால், ஒரு பிற்பகலில் முடித்துவிடுவோம். மூன்றாம் பருவ வினாத்தாள் அச்சுக்குப் போகும் முன் உங்கள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
6, 7, 8-ஆம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்