புதன்கிழமை ராத்திரி எட்டரை மணி

திருநெல்வேலி
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் சுகம். செண்பகம் மறுபடியும் வீடு மாறிவிட்டாள், இந்தத் தடவையும் மாடிதான்.

பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உன் கணக்குத்தான். "ரெண்டு சம்பளம் வருது, இருபதாம் தேதிக்கு மேல கையில ஒண்ணும் நிக்கல, எங்கடி ஓட்டை?" என்று கேட்டுவிட்டு மூன்று பக்கம் செலவு எழுதி அனுப்பியிருந்தாய். சோப்பு வீட்டிலேயே காய்ச்சலாமா, பினாயில் கலக்கலாமா, பழைய புடவையில் பை தைக்கலாமா என்று வேறு. காலை ஏழே முக்காலுக்கு பஸ் பிடிக்கிறவள் சோப்புக் காய்ச்சப் போகிறாளாம்! எண்ணெய், காஸ்டிக் சோடா, அச்சு, ஒரு மாதம் காய வைக்க இடம் எல்லாவற்றையும் கூட்டினால் கடைச் சோப்பே மலிவு. விடு அதை.

உன் ஓட்டை இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு ராத்திரி வெளியிலிருந்து சாப்பாடு, தடவைக்கு 450. மாதம் 3,600. அதோடு மாவு பாக்கெட், கிலோ 75. நீ பாக்கெட்டைத்தான் பெரிதாக அடிக்கோடு போட்டிருக்கிறாய். அது தப்பு. அரிசி கிலோ 50, உளுந்து 140 என்றே வைத்துக்கொள். 800 கிராம் அரிசிக்கு 40, 200 கிராம் உளுந்துக்கு 28. கிரைண்டர் மோட்டார் 150 வாட், முக்கால் மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்டில் எட்டில் ஒரு பங்குகூட ஆகாது. எழுபது ரூபாய்க்குள் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ மாவு கிடைக்கும். வாரம் ஒரு தடவை அரைத்தால், பாக்கெட்டோடு ஒப்பிட்டு மாதத்துக்கு 500 ரூபாய்கூட மிஞ்சாது. இதற்காகவா இடுப்பொடிய அரைப்பது என்று கேட்பாய். கேள்வி நியாயம்தான். ஆனால் புதன்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு நீ ஃப்ரிட்ஜைத் திறக்கும்போது உள்ளே மாவு இருந்தால் போனைக் கையில் எடுக்கமாட்டாய். மிச்சம் அங்கேதான் இருக்கிறது.

அதனால் மாவை மட்டும் ஒழுங்காகச் சொல்கிறேன். "எங்க ஊர் குளிர்ல பொங்கவே மாட்டேங்குது" என்று பெங்களூரைக் குறை சொல்லியிருந்தாய். பாதி குற்றம் ஊர்மேல், பாதி உன்மேல்.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு நாலு டம்ளர் இட்லி அரிசியை நன்றாகக் களைந்து ஊறப்போடு. நாலு மணிக்கு ஒரு டம்ளர் முழு வெள்ளை உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். உளுந்தைக் கழுவிவிட்டு நல்ல தண்ணீர் ஊற்றி அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்துவிடு. அந்த ஊறின தண்ணீர்தான் அரைக்கிற தண்ணீர், கொட்டிவிடாதே. வெந்தயம் ஒரு ஸ்பூனைத் தாண்டினால் இட்லி மஞ்சளடிக்கும், கசக்கும். உளுந்து வாங்கும்போது உடைத்ததோ பழசோ வேண்டாம். பழைய உளுந்து எவ்வளவு அரைத்தாலும் பொங்காது. ஊரைத் திட்டுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது உளுந்து டப்பாவை.

ஏழு மணிக்கு உளுந்தை முதலில் போடு. தண்ணீரை ஒரேயடியாக ஊற்றுவதுதான் நீ செய்கிற தப்பு, எனக்குத் தெரியும், ஹாஸ்டலில் ரசப்பொடி கரைத்தவள்தானே நீ. ஐந்து நிமிடத்துக்கு ஒரு கை தெளித்தால் போதும். ஒரு டம்ளர் உளுந்து ஒன்றரை டம்ளர் தண்ணீர்வரை மெதுவாக வாங்கிக்கொள்ளும். தண்ணீர் சில்லென்று இருக்க வேண்டும். கல் சூடேறினால் மாவும் சூடாகி, நுரைப்பு போய்விடும். 25 நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் மாவு கல்லின்மேல் பந்தாக ஏறி, தொட்டால் வெண்ணெய்போல் இருக்கும். ஒரு சொட்டைக் கிள்ளித் தண்ணீர்க் கிண்ணத்தில் போடு. மிதந்தால் எடு, மூழ்கினால் இன்னும் ஐந்து நிமிடம். அரிசிக்குக் கால் மணி போதும். விரலிடுக்கில் தேய்த்தால் மெல்லிய ரவை தட்டுப்பட வேண்டும். அதை உளுந்து மாதிரி வழவழவென்று அரைத்தால் இட்லி நடுவில் பிசுபிசுக்கும்.

மிக்ஸியில்தான் அரைப்பேன் என்றால் அரிசியை மூன்று டம்ளராகக் குறை. மிக்ஸி உளுந்தை அவ்வளவு பொங்க விடாது. நடு நடுவே நிறுத்து, ஐஸ் தண்ணீர் தெளி.

இரண்டையும் கையால் கலக்க வேண்டும். "கை ராசி" என்று அத்தை சொல்வதை நீ கிண்டல் பண்ணுவாய். பொங்க வைக்கிற பாக்டீரியா, லூக்கனாஸ்டாக் மெசென்டீராய்ட்ஸ், பெரும்பாலும் உளுந்தோடேயே வருகிறது. அதனால் கை இல்லாவிட்டாலும் புளிக்கும். ஆனால் அடியில் அரிசி, மேலே உளுந்து என்று பிரிந்து நிற்காமல் சேர்ப்பதற்குக் கையை மிஞ்சிய கரண்டி இல்லை. அத்தையிடம் இதைச் சொல்லாதே. ஈஸ்டும் வேண்டாம், சோடாவும் வேண்டாம். உப்பு மட்டும் உன் ஊர்க் குளிரில் இப்போது போடாதே. காலையில் பொங்கின பிறகு கல்லுப்பு ஒன்றரை மேசைக்கரண்டி கரைத்து ஊற்றிக்கொள். வெயில் காலத்தில் நேர் எதிர்: அரைத்தவுடனே போட்டால் அவசரப்பட்டுப் புளிக்காது.

இப்போது பெங்களூர். டிசம்பர் ராத்திரியில் சமையலறை மேடையில் மாவை வைத்துவிட்டு அது பொங்கவில்லை என்றால் யார்மேல் தப்பு? காய்கறிக் கடையில் தூக்கிப் போடுகிற தெர்மோகோல் பெட்டி ஒன்று கேட்டு வாங்கு, பெரியதாக, மூடியோடு. பாத்திரத்தில் மாவு பாதிக்குமேல் போகக் கூடாது, இரண்டு பங்காக ஏறும். அதைப் பெட்டியில் வைத்து, பக்கத்தில் ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டிலில் கொதித்த தண்ணீர் நிரப்பி, துண்டு சுற்றி வை. பாத்திரத்தோடு ஒட்டக் கூடாது. ஒட்டின பக்கம் மாவு வெந்து தோல் கட்டும். மூடி, மேலே பழைய போர்வை. தூங்கப் போகும்முன் ஒருமுறை தண்ணீரை மாற்று. காலை எட்டு ஒன்பதுக்குள் எழும்பியிருக்கும். மேலே வலை மாதிரி துளைகள், லேசான புளிப்பு வாசனை, கரண்டி விட்டால் பஞ்சுபோல் விலக வேண்டும். அப்போதும் மாவு தூங்கினால் இன்னொரு மூன்று மணி நேரம் விடு, கிளறாதே.

எழும்பினதும் எல்லாவற்றையும் ஒரே தூக்குவாளியில் வைப்பதுதான் அடுத்த தப்பு. ஒவ்வொரு தடவை வெளியே எடுத்து, மூடி திறந்து, கரண்டி விட்டு, அரை மணி மேடையில் கிடந்தால் மொத்தமும் புளிக்கும். மூன்று டப்பாவாகப் பிரி. முதல் டப்பா ஞாயிறு, திங்கள் இட்லிக்கு. உப்புக்காகக் கலந்ததோடு சரி, இதை மறுபடி கலக்காமல் மேலிருந்து அள்ளு, காற்று போகக் கூடாது. தண்ணீர் கொதித்த பிறகுதான் தட்டு உள்ளே போக வேண்டும், 10 முதல் 12 நிமிடம், இறக்கி இரண்டு நிமிடம் ஆறவிட்டு நனைத்த கரண்டியால் எடு. இரண்டாவது டப்பாதான் உன் புதன்கிழமை. தோசைக்குக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலந்தால் பத்து நிமிடத்தில் வீடு முழுக்கச் சாப்பிட்டாயிற்று. பொடியும் நல்லெண்ணெயும் இருந்தால் சட்னிகூட வேண்டாம். மூன்றாவது வெள்ளிக்கு. அதற்குள் புளித்திருக்கும். இரண்டு கரண்டி அரிசி மாவு, பொடியாக நறுக்கின வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுக் குழிப்பணியாரமாக ஊற்று. பிள்ளைகள் புளிப்பைக் கண்டுபிடிக்கமாட்டார்கள்.

கிரைண்டர் கழுவுகிறதுதான் இதில் அழுகை வருகிற வேலை. எடுத்தவுடனே இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி இரண்டு நிமிடம் ஓடவிடு, முக்கால்வாசி அதுவே கழுவிக்கொள்ளும். மிச்சம் உங்க வீட்டுக்காரர் பாடு. டென்னிஸ் ராக்கெட் தூக்குகிறவருக்குக் குழவிக்கல் தூக்கத் தெரியாதா?

கேஸ் சீக்கிரம் தீருகிறது என்றாயே, அதற்கு இரண்டு விஷயம். குக்கரில் விசில் வந்த பிறகும் பெரிய தீயில் வைக்கிறாய். எடை தூக்கிய பிறகு உள்ளே வெப்பம் ஏறாது, 120 டிகிரிப் பக்கம் நின்றுவிடும். அதற்குமேல் எரிகிற கேஸ் எல்லாம் வெறும் ஆவியாக வெளியே போகிறது. முதல் விசிலோடு சிம்மில் வை. பக்கவாட்டில் புஸ்ஸென்று ஆவி வந்தால் காஸ்கெட் தளர்ந்திருக்கிறது. ஃப்ரீசரில் கால் மணி வைத்துப் போட்டால் சில நாள் ஓடும், ஆனால் அந்தச் சில நாளுக்குள் புதுசு வாங்கிவிடு. எடை வைக்கிற குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார், ஓட்டை தெரிய வேண்டும். தீ மஞ்சளாக எரிந்தால் பர்னர் அடைத்திருக்கிறது. பித்தளை மூடியை ராத்திரி புளித் தண்ணீரில் ஊறவைத்து, ஊசியால் குத்தி, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டு.

ஒன்று மட்டும் விளையாட்டில்லாமல் சொல்கிறேன், வசந்தி. கடைசிப் பக்கத்தில் ஓரமாக, பாத்ரூமுக்கு பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் சேர்த்துக் கலக்கினால் பளிச்சென்று போகிறதாம், செய்து பார்க்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். செய்யாதே. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். உங்கள் பாத்ரூமில் ஒரே ஒரு சின்ன ஜன்னல். நுரையீரலைப் பிடித்துவிடும். ஒன்று போட்டுக் கழுவின அதே நாள் மற்றதைத் தொடக்கூட வேண்டாம். யாராவது தெரியாமல் கலந்துவிட்டால் துடைக்க நிற்காதே, கதவைத் திறந்துவிட்டு வெளியே ஓடு. வேலைக்கு வருகிற அக்காவிடமும் இன்றைக்கே சொல். அவர்தானே உள்ளே போய்த் தேய்க்கிறவர்.

வினிகரும் சமையல் சோடாவும் கலப்பதில் ஆபத்தில்லை, ஆனால் பிரயோஜனமும் இல்லை. ஒன்றை ஒன்று அடித்து, மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். நுரையைப் பார்த்து ஏமாறாதே. உப்புக் கறைக்கு வினிகர் தனியாக, பிசுக்குக்கு சோடா தனியாக.

பை தைக்கிற கதை அடுத்த கடிதத்தில். சனிக்கிழமை ஊறப்போடு. ஞாயிறு காலை பெட்டியைத் திறந்ததும் மாவு எவ்வளவு ஏறியது என்று விரற்கடைக் கணக்கில் எழுது, "நல்லா வந்துச்சு" என்றெல்லாம் எழுதாதே. பாத்திரத்துக்கு அடியில் ஒரு தட்டு வைக்கச் சொல்ல மறந்துவிட்டேன், வை.

உன்
சுமதி