அந்த விமானம் எழும்புமா?

அன்புள்ள கண்ணனுக்கு,

கடிதமும் படங்களும் கிடைத்தன. மகளுக்கு நினைத்த வேலையே அமைந்ததில் ரொம்ப சந்தோஷம். சரி, உன் மைத்துனர் விஷயத்துக்கு வருகிறேன். கொட்டகையில் அவர் கட்டுகிற விமானம் பறக்குமா, ஒரே வார்த்தையில் சொல் என்கிறாய். இப்போது இருக்கிறபடி பறக்காது. அதற்காக "ஒருநாளும் பறக்காது" என்று அவரிடம் போய்ச் சொல்லிவிடாதே.

பார்வைக்கு அழகாகத்தான் இருக்கிறது. கணக்குத்தான் உதைக்கிறது. வெற்று எடை 330 கிலோ என்று எழுதியிருக்கிறாய். அவர் ஏறி உட்கார்ந்து, பெட்ரோலும் ஊற்றினால் 450 ஆகிவிடும். இறக்கையின் பரப்போ 6 சதுர மீட்டர்தான். ஆக, ஒரு சதுர மீட்டர் 75 கிலோவைச் சுமக்க வேண்டும். சாதாரண இறக்கை அவ்வளவைத் தூக்க மணிக்கு 105 கிலோமீட்டர் வேகமாவது வேண்டும். இறங்கும்போதும் கிட்டத்தட்ட அதே வேகம்தான், அதுதான் பயம். ரைட் சகோதரர்கள் 1903இல் வெறும் 12 குதிரைத்திறனில் பறக்கவில்லையா என்று கேட்பார். பறந்தார்கள்தான். ஆளோடு சேர்த்துச் சுமார் 340 கிலோவுக்கு 47 சதுர மீட்டர் இறக்கை வைத்திருந்தார்கள். சதுர மீட்டருக்கு ஏழே கிலோ!

எஞ்சின் 60 குதிரைத்திறன் என்பது பொய்யில்லை. ஆனால் கார் எஞ்சின் அதைத் தருவது நிமிடத்துக்கு 5,500 சுற்று வாக்கில். இவரோ விசிறியை நேராக எஞ்சினின் சுழல்தண்டிலேயே (கிராங்க் ஷாஃப்ட்) மாட்டியிருக்கிறார். அவ்வளவு நீள விசிறியை 2,700 சுற்றுக்கு மேல் விரட்டினால் அதன் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கிவிடும், இரைச்சல்தான் கூடும். அந்தச் சுற்றில் எஞ்சின் தருவது பாதி. விசிறியில் வீணாவது போக 20 குதிரைத்திறன் மிஞ்சினால் பெரிது. எழும்ப 25க்கு மேல் வேண்டும். இடையில் பெல்ட்டோ கியரோ வைத்துச் சுற்றைக் குறைக்கட்டும், இறக்கையையும் பெரிதாக்கட்டும்.

இதெல்லாம் திருத்தக்கூடியது. என்னை உறுத்துவது மூன்றாவது படம். இறக்கை உடலோடு சேரும் இடத்தில், போல்ட்டின் மரை தகட்டுத் துளைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அங்கே மரையில்லாத வழவழப்பான பகுதிதான் இருக்க வேண்டும். பாரம் விழுந்தால் போல்ட் அறுவது மரைப் பள்ளத்தில்தான். போல்ட்டை மாற்றியபிறகு இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்து மணல் மூட்டைகளை அடுக்கச் சொல். சிறு விமானங்களின் இறக்கை தாங்க வேண்டிய வழக்கமான வரம்பு, மொத்த எடையைப்போல் 3.8 மடங்கு; இவருக்குச் சுமார் 1,700 கிலோ. அது தாங்கினால் மேலே பேசலாம்.

அப்புறம், மூன்று சக்கரத்துக்கு அடியிலும் தராசு வைத்து, அவர் உட்கார்ந்தபடியே எடை பார்த்து எனக்கு எழுது. ஈர்ப்பு மையம் எங்கே விழுகிறது என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன். அது பின்னால் தள்ளியிருந்தால், வேகம் குறைந்து மூக்கு தூக்கிக்கொண்டபிறகு கீழே இறக்கவே முடியாது.

அதுவரை "சும்மா தரையில் வேகமாக ஓட்டிப் பார்க்கிறேன்" என்று கிளம்பினால் விடாதே. ஓடுகிற வேகத்தில் ஒரு எதிர்காற்று அடித்தால், நினைக்காமலே நாலடி உயரம் எழும்பிவிடும். சாவியை நீ வாங்கி வைத்துக்கொள்.

அன்புடன்,
ரவி