7 ஓர் எழுத்து

அன்புள்ள கோமதிக்கு,

நலம். நலமறிய ஆவல். அம்மாவின் பதினாறாம் நாள் முடிந்து நாலு மாதம் ஆகப்போகிறது. போனில் அழுததோடு சரி, ஒரு வரிகூட எழுதவில்லை நான். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. நீ கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கோபப்படாமல் இருக்கிறாயே, அதுதான் தாங்கவில்லை.

ராமலட்சுமி பெண் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததா? மொய் நோட்டை வேறு யாரையும் தொட விட்டிருக்க மாட்டாய், தெரியும். அந்த மொய் பற்றிக் கீழே ஒரு விஷயம் எழுதியிருக்கிறேன், தாண்டிப் போய்விடாதே.

இங்கே கனடாவில் எல்லோரும் சுகம். குமாருக்கு வேலை மாறியிருக்கிறது. பேத்தி மூன்றாம் வகுப்பு. எனக்கு முட்டி வலி. அவ்வளவுதான்.

போன மாதம் குமார் எங்களை வடக்கே ஸ்குவாமிஷ் ஊருக்குக் காரில் கூட்டிப்போனான். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் செங்குத்தாக மலை. வழியெல்லாம் பச்சைப் பலகைகளில் ஆங்கிலப் பெயரோடு இன்னொரு பெயரும் இருந்தது. அந்த இரண்டாவது பெயரின் நடுவில் 7 என்று போட்டிருக்கிறது! பலகைக்குப் பலகை 7. “என்னடா, அச்சுப்பிழையா?” என்று கேட்டேன். பின் சீட்டிலிருந்து பேத்தி சொன்னாள்: “ஆச்சி, அது நம்பர் இல்லை, எழுத்து.” (நம் ஏழாம் நம்பர் பஸ்ஸை நினைத்துச் சிரிக்காதே. எனக்கும் அதுதான் ஞாபகம் வந்தது.)

அது இந்த மண்ணின் பூர்வகுடிகளான ஸ்குவாமிஷ் மக்களின் மொழி. வேண்டாம் என்பதற்கு வாயைத் திறக்காமல் “ம்… ம்” என்போமே, அந்த இரண்டு ‘ம்’முக்கும் நடுவில் தொண்டையில் காற்று ஒரு கணம் அடைத்து நிற்கும் இல்லையா? அந்த அடைப்பு அவர்களுக்கு ஒரு மெய்யெழுத்து. மொழியியல்காரர்கள் அதற்குப் போடும் குறி புள்ளியில்லாத கேள்விக்குறி போல இருக்கும். 7 கிட்டத்தட்ட அதே உருவம், தட்டச்சிலும் இருக்கிறது, அதனால் அதையே வைத்துக்கொண்டார்கள். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயரிலேயே அந்த 7 உண்டு. ‘ஸ்குவாமிஷ்’ என்பது வெள்ளைக்காரர்கள் வாயில் தேய்ந்த உருவம், நம் தூத்துக்குடி டூட்டிகொரின் ஆன மாதிரி.

வீட்டுக்கு வந்தும் மனம் அதிலேயே இருந்தது. நூலகத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். லூயிஸ் மிராண்டா என்று ஒரு பெரியவர், 1892-இல் பிறந்தவர். எழுபதைத் தாண்டிய வயதில் ராண்டி புஷார்ட் என்ற இளம் மொழியியலாளரோடு உட்கார்ந்து இந்த எழுத்துமுறையை உருவாக்கியிருக்கிறார். அகராதி புத்தகமாக வந்தது 2011-இல்தான். அதற்குள் தாய்மொழியாகப் பேசிய முதியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டார்கள். 1899 முதல் 1959 வரை இங்கே வடக்கு வான்கூவரில் ஒரு உறைவிடப் பள்ளி நடந்தது. பிள்ளைகளை அம்மா அப்பாவிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய் வைத்து, வீட்டு மொழியைப் பேசக் கூடாது என்றார்கள். நான் காய்கறி வாங்கப் போகும் வழிக்குப் பக்கம்தான் அந்த இடம். பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு எத்தனை முறை தாண்டிப் போயிருக்கிறேன்! 2016-இல் ஒரு பல்கலைக்கழகத்தில், வளர்ந்தவர்கள் நாள் முழுக்க அந்த மொழியிலேயே இருந்து கற்கும் வகுப்பு தொடங்கினார்கள். இப்போது இளைஞர்கள் பேசுகிறார்கள். அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, கோமதி.

அப்புறம் செனாக். இதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

வான்கூவர் நகரத்துக்குள் ஒரு கடல்கழி இருக்கிறது. அதன் மேல் பரார்ட் பாலம். மூன்று வருடமாக அதில் பஸ்ஸில் போய்வருகிறேன். பாலத்தின் தென்கரையில் கொஞ்ச நாளாகப் பெரிய பெரிய அடுக்குமாடிகள் எழும்பி வந்தன. யாரோ பணக்காரக் கம்பெனி கட்டுகிறது என்று நினைத்து ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அது ஸ்குவாமிஷ் மக்கள் கட்டுவது. அவர்களுடைய ஊர் இருந்த இடம், பெயர் செனாக். 80 ஏக்கர் அவர்களுக்கென்று ஒதுக்கி, அதற்குள் ரயில் பாதைக்கென்று கொஞ்சம் எடுத்து, கடைசியில் 1913 ஏப்ரலில் மாகாண அரசின் ஆட்கள் வந்தார்கள். இருபது குடும்பம் போலத்தான் இருந்தது. கையில் கொஞ்சம் பணத்தைக் கொடுத்து, சாமான் சட்டியோடு பாரத் தோணியில் ஏற்றி இழுத்துப் போய்விட்டார்கள். வீடுகளை எரித்தார்கள். மத்திய அரசின் ஒப்புதல்கூட வாங்கவில்லை. பக்கத்துப் பகுதியின் பெயர் கிட்சிலானோ. பெரிய கடற்கரை, கடைத்தெரு, காப்பிக்கடை எல்லாம் உண்டு. அது அந்த மக்களுடைய தலைவர் ஒருவரின் பெயரிலிருந்து வந்தது. பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

அந்தத் தலைவரின் பேரன் ஆகஸ்ட் ஜாக். சிறுவனாக அவர் இருந்தது ஸ்டான்லி பூங்கா இருக்கும் இடத்தில். 1888-இல் திறந்த அந்தப் பூங்காவைக் காடு, காடு என்று எல்லோரும் கொண்டாடுகிறார்கள், நானும்தான். அங்கே வீடுகள் இருந்தன. வீட்டுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சாலைக்கு அளவெடுக்க வந்தவர்கள் வீட்டின் மூலையை வெட்டினார்கள் என்று ஆகஸ்ட் ஜாக் நகர ஆவணக் காப்பாளரிடம் சொல்லியிருக்கிறார். தலைமுறை தலைமுறையாக அந்த மக்கள் தின்று போட்ட சிப்பி ஓடுகள் குவிந்து கிடந்ததை வாரி அந்தச் சாலையில் கொட்டினார்களாம். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் சுவர் விழுவதை நினைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

ஆனால் அவர்கள் விடவில்லை. 1906-லேயே ஜோ கபிலானோ என்ற ஸ்குவாமிஷ் தலைவர் இன்னும் இரண்டு தலைவர்களோடு லண்டனுக்குக் கப்பலேறிப் போய், எட்வர்ட் அரசரிடம் நிலத்தைப் பற்றி முறையிட்டிருக்கிறார். 1923-இல் பதினாறு குழுக்கள் சேர்ந்து ஒரே ஸ்குவாமிஷ் அமைப்பாயின. வழக்கு, வழக்கு என்று அலைந்து 2003-இல் திரும்பக் கிடைத்தது பாலத்தடியில் பத்தரை ஏக்கர். 80-இல் பத்தரை! அந்தத் துண்டில்தான் 11 கோபுரங்கள், ஆறாயிரம் வீடுகள். 2019-இல் தங்களுக்குள் வாக்கெடுத்து, 87 சதவீதம் பேர் சரி என்றார்கள். அவர்கள் நிலம் என்பதால் நகராட்சியின் கட்டட விதி அங்கே செல்லாது. இவ்வளவு உயரமா என்று அக்கம்பக்கத்தில் முணுமுணுப்பு இருந்தது. எனக்கென்னவோ, இன்னும் உயரமாகக் கட்டினால்கூடச் சந்தோஷம்தான்.

இப்போது மொய். நம் பக்கம் வந்தவர்கள் செய்வார்கள், நீ நோட்டில் எழுதுவாய். அந்தக் கடற்கரை மக்களிடம் தலைகீழ். பாட்லாட்ச் என்ற விருந்தில், விழா வைத்தவர்தான் வந்தவர்களுக்கு வாரிக் கொடுக்க வேண்டும். பிள்ளைக்குப் பெயர் வைப்பது, கல்யாணம், இழவு எல்லாம் அங்கேதான். எழுத்து இல்லாத காலம் அல்லவா, அதனால் கூட்டத்தில் சிலரைப் பெயர் சொல்லி அழைத்து, கையில் காசு கொடுத்துச் சாட்சியாக வைப்பார்கள். நடந்ததை மறக்காமல் மனதில் வைத்திருந்து, பின்னால் கேட்டால் நடந்தபடியே சொல்வது அவர்கள் கடமை. ஆளே நோட்டு! அரசாங்கம் 1885 முதல் அந்த விருந்தையே குற்றமாக்கி வைத்திருந்தது. 1951-இல்தான் அந்தத் தடை சட்டப் புத்தகத்திலிருந்து போனது. யாருக்கு எந்தப் பெயர், எந்த மீன்பிடி இடம் யாருடையது என்பதற்கெல்லாம் சாட்சிக்கு எங்கே போவார்கள்? அப்படியும் மறைவாக நடத்தியிருக்கிறார்கள். இப்போது வெளிப்படையாக நடக்கிறது, சாட்சிகளையும் அழைக்கிறார்கள்.

இதைப் படித்த ராத்திரி அம்மா ஞாபகம் வந்தது. உங்கள் வீட்டுத் திண்ணையில் நமக்குத் தலை பின்னிக்கொண்டே பாடுவார்களே, அந்தக் கும்மிப் பாட்டு. மூன்று அடி வருகிறது, நாலாவது வரவே மாட்டேன் என்கிறது. உனக்குத் தெரியும், தெரியாமல் இருக்காது. போனில் சொல்லாதே, தாளில் எழுது. குமார் ஜனவரியில் வருகிறான், அவனிடம் கொடுத்துவிடு. கொஞ்சம் சுக்கும் கொடுத்தனுப்பு.

அண்ணனுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
செல்வி