திருப்பூரில் பாடம் நடத்தும் மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

ராத்திரி போனில் நீ சொன்னது மனசை விட்டுப் போகவில்லை. ஆவியாதல் பாடம் நடக்கும்போது அந்தப் பையன் எழுந்து, "துணிய உருட்டிப் போட்டா காயாதுங்க மிஸ், விரிச்சுப் போட்டா சர்ஃபேஸ் ஏரியா அதிகமாகும், சீக்கிரம் எவாப்பரேட் ஆயிரும்" என்றானாம். வாசலில் நின்ற உங்கள் இங்கிலீஷ் மீடியம் பள்ளித் தலைமையாசிரியை "இங்கிலீஷ்ல பேசு" என்றதும் உட்கார்ந்தவன், பெல் அடிக்கும் வரைக்கும் வாயைத் திறக்கவில்லையாம்.

பரப்பு கூடினால் ஆவியாகும் வேகம் கூடும் என்பதை, பனியன் துணியை வைத்தே சொல்லிவிட்டான். அன்றைய பாடத்தின் உயிரே அதுதான். தமிழையும் ஆங்கிலத்தையும் கலந்து சொன்னான், அவ்வளவுதான். நியூயார்க்கில் குடியேறிய போர்ட்டோ ரிக்கோ மக்களின் பேச்சை ஆராய்ந்த மொழியியலாளர் ஷானா பாப்லாக், ஸ்பானிஷும் ஆங்கிலமும் நன்றாகத் தெரிந்தவர்கள்தான் ஒரே வாக்கியத்துக்குள் அதிகமாக மொழி மாறுகிறார்கள் என்று 1980-இலேயே எழுதிவிட்டார். அதனால் பிள்ளை மொழி மாறினாலே அவனுக்கு ஆங்கிலம் வராது என்று முடிவு கட்டிவிட முடியாது. நம் பக்கத்தில் இது புதுசும் இல்லை. தாளவாடியில் வீட்டுக்குள் கன்னடம், கடைவீதியில் தமிழ். கோயமுத்தூரில் தெலுங்கு பேசுகிற வீடுகள் எத்தனை!

அதற்காக மணி முழுக்கத் தமிழிலேயே நடத்திவிடாதே. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவத் தொடங்கிய பிறகு, கோபியில் நான் கண்ணால் பார்த்தது இது: பாடத்தைத் தமிழில் சொல்வார்கள், விடையை ஆங்கிலத்தில் போர்டில் எழுதிப் போடுவார்கள், பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் போச்சு. தமிழில் புரிந்ததைத் தானே ஆங்கிலத்தில் சொல்லிப் பார்க்கிற வேலையை அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் கொடுக்கவே இல்லை. மொழி மாறியதில் தப்பில்லை. மாற்றிச் சொல்கிற பாடு முழுவதையும் ஆசிரியரே பட்டதுதான் தப்பு.

வேல்ஸில் வெல்ஷும் ஆங்கிலமும் பேசும் பிள்ளைகளுக்காக சென் வில்லியம்ஸ் என்ற கல்வியாளர் 1994-இல் முன்வைத்தது இதற்கு நல்ல வழி. ஒரு மொழியில் படிக்க வேண்டும் அல்லது கேட்க வேண்டும், இன்னொரு மொழியில் எழுத வேண்டும் அல்லது பேச வேண்டும். உன் வகுப்புக்கு இப்படிச் செய்யலாம். புத்தகத்தில் ஒரு பத்தியை ஆங்கிலத்தில் படிக்கட்டும். பிறகு இரண்டு இரண்டு பேராக, எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில் பேசிக்கொள்ளட்டும். கடைசிப் பத்து நிமிஷம், பேசியதை மூன்று நாலு வரி ஆங்கிலத்தில் அவர்களே எழுதட்டும். போர்டில் நீ விடை எழுதாதே; கேட்கிற சொல்லை மட்டும் எழுதிப் போடு. எழுத்தில் பிழை வரும், வரட்டும்.

அப்புறம் முக்கியமாக ஒன்று. உன் வகுப்பில் ஒடியாவும் இந்தியும் பேசுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பனியன் கம்பெனிக்குப் பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள். நீ முழுக்கத் தமிழுக்குத் தாவினால், ஆங்கிலமும் தெரியாமல் தமிழும் தெரியாமல் தவிக்கப் போவது அதுங்கதான். ஒரே மொழிக்காரப் பிள்ளைகளைப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வை. ஒடியாவில் அவர்கள் பேசுவது உனக்குப் புரிய வேண்டாம். எழுதியதைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தலைமையாசிரியையிடம் வாதாடப் போகாதே சாமி. அவர்களுக்கும் 'இங்கிலீஷ் மீடியம்னு சொல்லித்தான ஃபீஸ் கட்டறோம்' என்று கேட்கிற பெற்றோரின் நெருக்கடி இருக்கும். ஒரு மாதம் இப்படிச் செய்துவிட்டு, முதல் வாரம் எழுதிய நோட்டையும் கடைசி வாரம் எழுதிய நோட்டையும் அவர்கள் மேஜையில் வை. ஆங்கிலம் வளர்ந்திருந்தால் அவர்கள் கண்ணுக்கே தெரியும்.

அந்தப் பையனை நாளைக்கே கூப்பிட்டு, அவன் சொன்னது சரி என்று வகுப்பில் எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிடு. இதை மட்டும் தள்ளிப் போடாதே.

அன்புடன்,
அம்மா