பயிற்சி மாணவர்களுக்குச் சம்பளம் கொடுங்கள்

நூலகங்களையும் ஆவணக் காப்பகங்களையும் நிர்வகிப்பவர்களுக்கும், நூலகவியலும் ஆவணவியலும் கற்பிக்கும் துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

முதுகலை மாணவர் ஒருவர் பட்டம் வாங்குவதற்குள் ஏதாவது ஒரு நூலகத்திலோ காப்பகத்திலோ சில வாரம், சில இடங்களில் ஒரு பருவம் முழுக்க, வேலை பார்த்துவிட்டு வர வேண்டும் என்கிறீர்கள். நல்ல ஏற்பாடு. புத்தகத்தைப் படித்து மட்டும் இந்தத் தொழில் வராது. ஆனால் அந்த வேலைக்குச் சம்பளம் கொடுங்கள். காப்பகத்துக்குப் பயிற்சிக்கு வரும் மாணவர்களை மேற்பார்வை செய்கிறவன் என்ற முறையில் கேட்கிறேன்.

“பயிற்சிதானே, லாபம் அவர்களுக்குத்தானே” என்ற பதில் உடனே வரும். சரி, அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒரு குடும்பத்தின் பழைய கடிதங்கள் பெட்டியோடு வந்து சேர்கின்றன. துருப்பிடித்த குண்டூசிகளைத் தாள் கிழியாமல் எடுக்க வேண்டும். வந்த வரிசையைக் கலைக்கக் கூடாது. எந்தக் கடிதம் எதற்குப் பக்கத்தில் இருந்தது என்பதும் ஒரு சான்று. அமிலமற்ற உறைக்கு மாற்றி, பென்சிலால் மட்டும் எண் எழுத வேண்டும். இதெல்லாம் கைவேலை. அப்புறம்தான் மூளையைக் கசக்கும் வேலை: தேதி இல்லாத கடிதம் எந்த வருடத்தது, செல்லப்பெயரில் கையெழுத்துப் போட்டவர் யார், உயிரோடு இருக்கும் ஒருவரின் மருத்துவ விவரம் இருந்தால் அந்தத் தாளை யாருக்குக் காட்டலாம், யாருக்குக் கூடாது. எல்லாம் முடிந்து விவரப்பட்டியல் எழுதுகிறார்கள். மாணவர் போன பிறகும் அந்தப் பட்டியல் அங்கேயே இருக்கும். ஆய்வாளர்கள் பல ஆண்டுகளுக்கு அதைப் பார்த்துத்தான் பெட்டியைக் கேட்டு வாங்குவார்கள். முதல் சில நாட்கள் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க எங்கள் நேரம் போகிறது என்பது உண்மை. புதிதாக வேலைக்குச் சேரும் யாருக்கும் அப்படித்தான். அதற்காக அவர்களுக்குச் சம்பளம் இல்லை என்று நாம் சொல்வதில்லையே.

பயிற்சி பாடத்திட்டத்தில் ஒரு தாளாக இருக்கும் இடங்களில் நிலைமை இன்னும் மோசம். மாணவர் கட்டணம் கட்டி அந்தத் தாளில் பதிவு செய்கிறார், பிறகு கூலியில்லாமல் வேலை செய்கிறார். ஆக, வேலை செய்வதற்கு அவரே பணம் கொடுக்கிறார். வாடகையும் சாப்பாட்டுச் செலவும் அந்த மாதங்களில் நின்றுவிடுவதில்லை. வீட்டில் பணம் இருப்பவர் சமாளிக்கிறார். இல்லாதவர் பகலில் காப்பகம், இரவில் வேறு வேலை என்று ஓடுகிறார், அல்லது நல்ல இடம் கிடைத்தும் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார். இந்த வேலைக்குப் பிறந்தவர் என்று நான் நினைத்த மாணவர்களே அப்படி விலகிப் போயிருக்கிறார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இழப்பு அவர்களுக்கு மட்டுமில்லை. ஒரு புகைப்படத்தில் முதலாளியின் பெயரை மட்டும் எழுதிவிட்டு, பக்கத்தில் நிற்பவரை ‘வேலையாள்’ என்று பதிவதா, அவர் பெயரையும் தேடுவதா என்று முடிவெடுப்பவர் பட்டியல் எழுதுகிறவர்தான். அந்த நாற்காலியில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே உட்கார்ந்தால் பதிவுகளிலும் அது தெரியும்.

இது புதிய கோரிக்கையும் இல்லை. ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் 1906-இலேயே பொறியியல் மாணவர்களை வகுப்பறைக்கும் சம்பள வேலைக்கும் மாற்றி மாற்றி அனுப்பினார். கனடாவில் வெஸ்டர்ன், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகங்களில் நம் துறை முதுகலை மாணவர்களுக்கே சம்பளத்துடன் கூடிய ‘கோ-ஆப்’, அதாவது படிப்புக்கு நடுவே வேலை பார்க்கும் ஏற்பாடு, இருக்கிறது. பாரிஸில் 1821-இல் தொடங்கிய எக்கோல் தே ஷார்த் பள்ளியில், போட்டித் தேர்வு எழுதி வரும் ஆவணவியல் மாணவர்களைப் பயிற்சி அரசு ஊழியர்களாகவே சேர்த்துச் சம்பளம் தருகிறார்கள். பதிலுக்குப் பத்து ஆண்டு பொதுப்பணி செய்வதாக அவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். படிக்கும்போதே சம்பளமா என்று வியக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நிதி இல்லை என்பீர்கள். பல இடங்களில் உண்மையிலேயே இல்லை, எனக்கும் தெரியும். அப்படியானால் நான்கு பேரைச் சும்மா எடுப்பதற்குப் பதில் ஒருவரைச் சம்பளத்துக்கு எடுங்கள். மின்னாக்கத் திட்டத்துக்கு நிதி கேட்டு எழுதும்போது ஸ்கேனருக்கும் சேமிப்பகத்துக்கும் தொகை போடுகிறோம். மெட்டாடேட்டா, அதாவது ஒவ்வொரு ஆவணத்தையும் பற்றிய விவரக்குறிப்பு, எழுதப்போகும் மாணவருக்கும் அதே தாளில் ஒரு வரி சேருங்கள். இன்னொன்று: காலிப் பணியிடத்தை நிரப்பாமல் வருடா வருடம் பயிற்சி மாணவர்களை வைத்து ஓட்டாதீர்கள். படித்து முடித்து வரும்போது அவர்களுக்கு வேலை இல்லாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

துறைத் தலைவர்களே, சம்பளம் தராத இடங்களுக்கு அனுமதி கொடுப்பதை நிறுத்துங்கள். உடனே முடியாது என்றால், பயிற்சித் தாளுக்கான கட்டணத்தையாவது விட்டுக்கொடுங்கள். ஏற்கெனவே ஏதோ ஒரு நூலகத்தில் பகுதிநேரமாகச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் மாணவரை, அதை விட்டுவிட்டு வேறிடத்தில் இலவசமாகப் பயிற்சி எடு என்று அனுப்பாதீர்கள். புதிய பொறுப்பு ஒன்றைச் சேர்த்து அந்த வேலையையே பயிற்சியாக ஏற்றுக்கொள்ளலாம்.

அடுத்த பருவத்துக்கான பயிற்சி அறிவிப்பை இப்போது தயாரித்துக்கொண்டிருப்பீர்கள். வேலை நேரத்துக்குக் கீழேயே மாதம் எவ்வளவு தருவீர்கள் என்ற தொகையையும் அச்சிடுங்கள். விண்ணப்பிப்பதா வேண்டாமா என்று மாணவர்கள் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

இப்படிக்கு,
ஓர் ஆவணக் காப்பாளர்