பழைய லப்டொப்புக்கு லினக்ஸ்: ‘டி’ டிரைவை நம்பி அழித்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நின்றது. அதன்பின் மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று என எங்கும், “இதுக்கு விண்டோஸ் 11 ஏறாது, புதுசு வாங்குங்கோ” என்பதே பெற்றோர் கேட்கும் பதில். ஏறாது என்பது சரி. இன்டெல் புரொசஸர் என்றால், எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றை ஒருசில தவிர விண்டோஸ் 11 ஏற்பதில்லை. புதிது வாங்கித்தான் ஆகவேண்டும் என்பது சரியல்ல. 4 ஜிபி ரேம் இருந்தால், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் பாரம் குறைந்த எக்ஸ்எப்சிஇ பதிப்பு பாடவேலைக்குப் போதுமாக ஓடும். அது இலவசம், 22ஆம் பதிப்புக்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்களும் வரும். செலவழிக்கக் கொஞ்சம் காசு இருந்தால் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி 240 ஜிபி எஸ்எஸ்டி (வேகமான புதுவகை டிஸ்க்) போடுவதே முதல் வேலை.

மாற்றும்போது கோப்புகள் பறிபோவதுதான் வேதனை. பெரும்பாலும் அது ஒரே விதமாக நடக்கிறது. படங்களையும் பாடக்குறிப்புகளையும் ‘டி’ டிரைவில் போட்டுவிட்டு, நிறுவும்போது ‘டிஸ்க்கை அழித்து நிறுவு’ என்பதைத் தெரிவுசெய்கிறார்கள். ‘சி’யும் ‘டி’யும் பெரும்பாலும் ஒரே டிஸ்க்கின் இரு பகுதிகள், அந்தத் தெரிவு இரண்டையும் சேர்த்தே அழிக்கும். எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ எடுத்து, இன்னொரு கணினியில் திறந்து பார்த்தபிறகே தொடங்குங்கள்.

மின்டை நிறுவ இறக்கவேண்டிய கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி. அதை 8 ஜிபி பென்டிரைவில் வெறுமனே கொப்பி பண்ணினால் கணினி அதிலிருந்து தொடங்காது. ரூபஸ் போன்ற மென்பொருளால் எழுதவேண்டும். டெல், லெனோவோ என்றால் எப்12, எச்பி என்றால் எப்9 விசையை, இயக்கிய உடனேயே அழுத்தினால் பென்டிரைவைத் தெரிவுசெய்யலாம். மின்ட் திரையில் வந்ததும் நிறுவ அவசரப்படவேண்டாம். வைபை, ஒலி, கெமரா, டச்பேட், மூடித் திறந்தால் விழிக்கிறதா என எல்லாவற்றையும் பாருங்கள். பென்டிரைவிலிருந்து ஓடுவதால் இப்போது மந்தமாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

வைபை வராவிட்டால் பெரும்பாலும் புரோட்கொம் சிப்பாக இருக்கும். கைபேசியை யுஎஸ்பி வயரில் இணைத்து டேட்டாவைப் பகிர்ந்து, டிரைவர் மேனேஜரில் உரியதை நிறுவலாம். நிறுவும் திரையில் டிஸ்க்கையே காணவில்லை என்றால், பயோஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) டிஸ்க் முறை இன்டெல் ஆர்எஸ்டி என்றிருப்பதை ஏஎச்சிஐ என மாற்றவேண்டும். விண்டோஸையும் வைத்திருக்க நினைப்பவர்கள் இதைத் தாமாகச் செய்யவேண்டாம். முன்னேற்பாடில்லாமல் மாற்றினால் விண்டோஸ் தொடங்காது. பற்றரி செத்த லப்டொப்பில், கரண்ட் போய்வரும் நாளில் இந்த வேலையே வேண்டாம். டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் நேரத்தில் மின் நின்றால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

நம்மவர்க்கு இன்னொரு சிக்கல், யுனிகோட் அல்லாத பழைய தமிழ் எழுத்துருவான பாமினி. எழுத்துரு இல்லாமல் திறந்தால் பழைய வினாத்தாள்கள், கடிதங்கள் எல்லாம் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று அழிப்பவர்களும் உண்டு. விண்டோஸை அழிக்குமுன் அதன் பொன்ட்ஸ் கோப்புறையிலிருந்து பாமினியைப் பிரதி எடுங்கள். மின்டில் அதை இருமுறை சொடுக்கி நிறுவினால் போதும், எழுதும் மென்பொருளான லிப்ரே ஒபிஸில் பழையபடியே தட்டலாம். ஆனால் ஓட்டோகரெக்டில் வாக்கியத்தின் முதலெழுத்தைப் பெரிதாக்கும் வசதியை நிறுத்துங்கள். பாமினியில் ஒரே விசையின் சிறிய, பெரிய ஆங்கில எழுத்துகள் வெவ்வேறு தமிழ் எழுத்துகள் என்பதால், இல்லாவிட்டால் வாக்கியத் தொடக்கத்தில் ‘மரம்’ என்று தட்டியது ‘முரம்’ என்று மாறும். யுனிகோட்டில் ரெங்கநாதன் விசைப்பலகை பழகியவர்கள் ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள் தொகுதியை நிறுவினால் அதுவும் கிடைக்கும்.

போட்டோஷொப், எம்எஸ் ஒபிஸ் போன்றவை நேரடியாக ஓடா. கெனன் எல்பிபி 2900 பிரின்டரை இயங்கவைப்பதும் பெரும்பாடு. அவற்றை நம்பித் தொழில் செய்பவர்கள் மாறமுன் யோசிக்கவேண்டும்.

3 ஜிபியை வீட்டுக்கு வீடு கைபேசி டேட்டாவில் இறக்கத் தேவையில்லை. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டப் பொது நூலகங்களும் கணினித் திருத்தகங்களும் சரிபார்த்த மின்ட் பென்டிரைவ் ஒன்றை வைத்திருந்து, கேட்டு வருவோருக்கு அதிலிருந்து லப்டொப்பை ஓட்டிக் காட்டவேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
கணினித் திருத்துநர்கள் சிலர்,
கல்முனை.